பச்சை எரிஞ்சுதா?

இல்லீங்கக்கா, பாலில்லீங்க, மாவுங்க. இட்லி மாவு. உங்க சேலையில படாதுங்க, நான் புடிச்சுக்கறேன். கொஞ்சம் மேல தள்ளுது, அவ்வளவுதான். வெள்ளென எந்திரிச்சு ஆட்டுனது. தூக்குப்போசியில முக்காலுக்குத்தான் ஊத்துனேன், அப்பவும் பாருங்க, மூடியத் தூக்குது. இந்த வெய்யில்ல பஸ்ஸுக்குள்ள பொங்காம என்ன பண்ணும்.

ஒறம்பர ஊட்டுக்கு இல்லீங்க, சொந்தமில்ல. எங்கூட்டுக்காரரோட சிநேகிதரு ஒருத்தரு, சிக்கந்தருன்னு பேரு. பொள்ளாச்சியில பேட்டரிக் கடை வெச்சிருக்கறாரு, கடைக்கு மேலயே ஊடு. அவரு மகளுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை நிக்காஹ். நாலு பேரு வந்து போற ஊடு, காத்தால டிபனுக்கு ஆகுமில்லீங்களா? வெறுங்கையோட எப்படிப் போறது. அதுவும் நான் போறது எங்கூட்டுக்காரருக்குத் தெரியாது. கிணத்துக்கடவுல சின்னம்மாளப் பாக்கப் போறேன்னு சொல்லீட்டு வந்திருக்கறேன்.

சண்டைங்க. ரெண்டு பேருத்துக்கும் பேச்சுவார்த்தை இல்ல. ஐடிஐயில ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க. இவரு என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப மாமனாரு, மாமியாருக்கு அடுத்தாப்புல உக்காந்திருந்தவரு அந்தண்ணன். இப்ப மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகைய ஆள் மூலமாக் குடுத்தனுப்பியிருக்கறாரு. இவரு பிரிச்சுக்கூடப் பாக்கல. டிவி மேல போட்டுட்டுப் போயிட்டாரு.

எதுக்குச் சண்டைன்னா, ஒரு பேட்டரிக்குங்க. சொல்றேன். உங்களுக்கும் பொழுது போகோணும், எனக்கும் போகோணும்.

எங்கூட்டுக்காரரு மில்லுல பிட்டருங்க. கனகராசுன்னா அந்த மில்லுல எல்லாருக்கும் தெரியும். மாமனாரு ஓட்டுன பைக்கு ஒண்ணு எஞ்சின் பிடிச்சுப்போயி வாசல்ல கெடந்துச்சு. ஒரு நாளு இவரு போனுல எதையோ பாத்துட்டு, சுகுணா, நான் இதக் கரண்ட்டு வண்டியா மாத்தப்போறேன்னாரு. சரி, ஏதோ பண்ணட்டும்னு உட்டுட்டேன். எஞ்சினக் கழட்டி எறக்கி, பொறகால சக்கரத்துல மோட்டார் வெச்சு, எஞ்சின் இருந்த எடத்துல ஒரு பொட்டி செஞ்சு மாட்டுனாரு. அந்தப் பொட்டிக்குள்ள பேட்டரி. அதக் கட்டிக் குடுத்தது சிக்கந்தரண்ணன். சின்னச் சின்ன செல்லுங்க, பேனா கட்டையா இருந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி. அத வரிசையா அடுக்கி, ஒண்ணோட ஒண்ணு சேத்தி, ஒரு மூட்டையாட்டம் கட்டிக் கொண்டாந்தாரு. கனகு, நெறையச் சார்ஜ் போட்டா பொள்ளாச்சி வந்துட்டு, எங்கூட்டுல பிரியாணி தின்னுட்டு, திரும்பிப் போயிரலாம்டான்னு சொன்னாரு.

மொத நாளு என்னையத்தான் பொறகால உக்கார வெச்சு ஓட்டுனாரு. தெருவே நின்னு பாத்துச்சு. எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு, பெருமையாவும் இருந்துச்சு. சத்தமே இல்லீங்கக்கா. கல்யாணம் ஆனதுலிருந்து வண்டியில போறப்ப அவரு பேசுனது ஒண்ணும் எனக்குக் கேட்டதில்ல. ஆங், ஆங்னு தலையாட்டிக்குவேன். அன்னிக்குத்தான் எல்லாமே கேட்டுச்சு. பெருசா ஒண்ணும் பேசல. அந்த மரத்துல காய் நல்லாப் புடிச்சிருக்குதுன்னாரு. அவ்வளவுதான். ஆனாக் கேட்டுச்சு.

அந்த வண்டி மேல எனக்கென்னங்க கோவம். கோவமெல்லாம் அந்தப் பிளக்குப் பாயிண்ட்டு மேலதான்.

நான் மாவு வியாபாரம் பண்றேனுங்க. பத்து லிட்டரு கிரைண்டரு. எங்க தெரு, அதுக்கு அக்கட்டத் தெரு, பொழுதோட எல்லாருக்கும் நம்மூட்டு மாவுதான். அந்தக் கிரைண்டருக்குன்னே ஒரு பெரிய பாயிண்ட்டு போட்டிருந்தாரு. நச்சரிச்சு நச்சரிச்சு நான் கேட்டுப் போட்ட பாயிண்ட்டுங்க அது. பேட்டரி வந்ததும் ஒரு வார்த்தை கேக்கல. கிரைண்டர் பிளக்கப் புடுங்கிட்டு அதுல சார்ஜர மாட்டிட்டாரு. இந்தா, நீ சமயக்கட்டுப் பாயிண்ட்டுல போட்டுக்கன்னு ஒரு ஒயரக் கையில குடுத்தாரு. நீங்களே சொல்லுங்க. என்ர பாயிண்ட்டுல்லீங்களா அது?

சமயக்கட்டுல போட்டாக் கல்லு முக்கி முக்கிச் சுத்துதுங்க. ஒயரு சுடுது. உளுந்து பொங்கவே மாட்டேங்குது. ரெண்டையும் ஒண்ணா ஓட்டுனா பியூசு போயிருது. வாடகை ஊடு, ஓனரு செவுத்தத் தொட உடமாட்டாரு. நான் என்ன பண்றது?

சார்ஜ் போடற வேலைய எங்கிட்டத்தான் உட்டிருந்தாரு. அவருக்கு ரெண்டாவது சிப்ட்டு. வந்து படுத்தா விடிஞ்சு வெகு நேரம் தூங்குவாரு. எல்லாரும் தூங்கறப்பச் சார்ஜ் போடக்கூடாது, ஆள் முழிச்சிருக்கறப்பத்தான் போடோணும்னு சிக்கந்தரண்ணன் கண்டிசனாச் சொல்லியிருந்தாரு. அதனால காத்தால நான் போடோணும். சார்ஜர்ல சிவப்பு லைட்டு எரியும், நெறஞ்சாப் பச்சை எரியும், பச்சை எரியற வரைக்கும் புடுங்காதன்னு இவரு சொன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. ஏன், எதுக்குன்னு சொல்லல. எனக்கு அதுல என்ன தெரியுமுங்க, போனுக்குச் சார்ஜ் போடற மாதிரின்னு நெனச்சுக்கிட்டேன். பாதியில எடுத்தாப் பாதி, திரும்பப் போட்டா மீதி.

சார்ஜ் போட்ட மொத நாளே உளுந்துக்கு மட்டும் புடுங்குனேன். உளுந்து சரியா வராட்டி மாவே போச்சுங்களே. அப்பறம் அரிசிக்கும் அதுலயே ஓட்டிட்டேன். முடிஞ்சதும் கையக் கழுவிட்டு மறுபடி சார்ஜர மாட்டி வெச்சுட்டேன். இவரு எந்திரிச்சுக் குளிச்சு, சோறுண்டு, சட்டையப் போட்டுக்கிட்டே கேட்டாரு.

"பச்சை எரிஞ்சுதா?"

சிவப்புதான் எரிஞ்சுட்டு இருந்துச்சு. நான் அப்பத்தான் புடுங்கிச் சுருட்டி வெச்சிருந்தேன்.

"எரிஞ்சுதுங்க"ன்னேன்.

ஒரு வார்த்தைங்கக்கா. வேற எதுவும் அவரு கேக்கல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனோ என்னமோ. அடுத்த நாளும் கேட்டாரு, எரிஞ்சுதுங்கன்னேன். அப்பறம் அது தெனமும் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன்னு சொல்ற மாதிரி ஆயிப்போச்சு. ஒருக்காச் சொல்லிப்போட்டா நடுவுல எப்படிங்க மாத்தறது? நேத்து எரிஞ்ச பச்சை இன்னிக்கு ஏன் எரியலேம்பாரே.

கொஞ்ச நாளு ஒண்ணும் தெரியலீங்க. வண்டி போச்சு, வந்துச்சு. அப்பறம் ஒரு நாளு மேம்பாலம் ஏர்றப்ப நின்னுபோச்சு. நடு மேட்டுல, பொறகால பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சுட்டே இருக்கறான், இவரு எறங்கித் தள்ளியிருக்கறாரு. சித்த நேரங் கழிச்சுப் போட்டா மறுபடி ஓடுது. மேடு வந்தா மறுபடி நிக்குது. சிப்ட்டுக்குப் போற ஆளுக எல்லாம் அந்தப் பக்கந்தான் போவாங்க. கனகு, ஒரு லிட்டர் பெட்ரோல் ஊத்தட்டுமான்னு கேப்பாங்களாமா. தள்ளுவண்டின்னு பேரே வெச்சுட்டாங்க. ஊட்டுக்கு வந்து சொல்லமாட்டாரு. சட்டை முதுகெல்லாம் நனைஞ்சிருக்கறதப் பாத்து நான் தெரிஞ்சுக்குவேன்.

லீவு நாளுன்னா அந்தப் பொட்டியத் தொறந்து வெச்சுக்கிட்டு மீட்டரும் கையுமா உக்காந்துக்குவாரு. ஒவ்வொரு செல்லாத் தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. பச்சை எரிஞ்ச பேட்டரி ஓட்டறதுக்கு முன்னாலயே எப்படி எறங்கும், எப்படி எறங்கும்னு தானாப் பேசிக்குவாரு. நான் காப்பி கொண்டுபோயி வெப்பேன். ஆறிப்போயிக் கெடக்கும். மனுசன் எளைச்சே போயிட்டாருங்க. மீட்டரச் சந்தேகப்பட்டாரு, வேற மீட்டர் வாங்கியாந்தாரு. ஒயரச் சந்தேகப்பட்டாரு, மாத்துனாரு. சார்ஜரச் சந்தேகப்பட்டாரு. கடைசியாச் சிக்கந்தரண்ணனச் சந்தேகப்பட்டாரு. என்னையத்தான் சந்தேகப்படவே இல்ல.

பழைய செல்லப் புதுசுன்னு சொல்லித் தலையில கட்டிட்டான்னு ஆரம்பிச்சாரு. அப்படியெல்லாம் அண்ணன் செய்யமாட்டாருங்கன்னு நான் சொன்னேன். அதச் சொன்னேனுங்க, சொல்லாம இல்ல. உனக்கு என்ன தெரியும்னாரு. சரின்னு மாவ அள்ளப் போயிட்டேன்.

சிக்கந்தரண்ணன் கேள்விப்பட்டு வந்து, பேட்டரியக் கழட்டிக் கடைக்குக் கொண்டுபோனாரு. சோதிச்சுப் பாத்தாரு, அங்கயே வெச்சுச் சார்ஜ் போட்டாரு. அப்பறம் எங்க வண்டியவே டெம்போவுல பொள்ளாச்சிக்குக் கொண்டுவரச் சொல்லி, மாட்டி, அவரே ஓட்டிக்கிட்டு வந்தாரு. பொள்ளாச்சியிலிருந்து எங்கூட்டு வாசல் வரைக்கும். எங்கயும் நிக்கல. ஒரு குறையும் இல்லடா கனகு, நல்லா இருக்குதுன்னாரு.

நல்லதுதானுங்களே? எங்கூட்டுக்காரரு என்ன நெனச்சாருன்னு சொன்னா நம்பமாட்டீங்க. நல்ல செல்லா மாத்திக் கொண்டாந்துட்டான், அப்பன்னா மொதல்ல குடுத்தது கெட்ட செல்லுன்னு ஒத்துக்கிட்ட மாதிரிதானேன்னாரு. அதுவும் எங்கிட்டச் சொல்லியிருந்தாப் பரவாயில்ல. மில்லு கேட்டுக்கு முன்னால டீக்கடையில, எல்லாரும் நிக்கறப்பச் சொல்லிப்போட்டாரு. அந்த மில்லுல இவரு வண்டியப் பாத்துட்டு ரெண்டு மூணு பேரு அண்ணங்கிட்டப் பேட்டரி கட்டச் சொல்லியிருந்தாங்க. ஒருத்தரும் அப்பறம் அந்தப் பக்கமே போகல.

நான் மறுபடி கிரைண்டர ஓட்ட, வண்டி மறுபடி நின்னுபோச்சு.

அதுக்கப்பறம் சிக்கந்தரண்ணன் ஒருக்கா வந்தாருங்க. அதத்தான் என்னால மறக்க முடியல. காத்தால நேரம். நான் சமயக்கட்டுல நிக்கறேன், இவங்க ரெண்டு பேரும் முன் ரூமுல உக்காந்திருக்கறாங்க. அண்ணந்தான் பேசறாரு. கனகு, பச்சை எரியற வரைக்கும் உடறயா? கடைசி ஒரு மணி நேரத்துலதான் எல்லாச் செல்லும் ஒரே மட்டத்துக்கு வரும். அதுக்கு முன்னால புடுங்கிட்டே இருந்தா ஒண்ணு நெறஞ்சும் ஒண்ணு கொறஞ்சும் நிக்கும், நாளாக நாளாக வித்தியாசம் எச்சாயிட்டே போகும். மேடு ஏர்றப்பக் கொறஞ்சது சோந்து போயிரும். ஒண்ணு சோந்தாப் போதும், உள்ள இருக்கற போர்டு மொத்த வண்டியையும் நிறுத்திரும். அப்படின்னாரு.

இட்லிச் சட்டியப் பாதியில தொறந்தா நடுத்தட்டு வேகாம நிக்குமே, அதாட்டம்னு எனக்குச் சட்டுனு வெளங்கிருச்சு. தெனமும் தொறந்தது நானு.

எங்கூட்டுக்காரரு, சுகுணாதான் போடறா, அவளக் கேளுன்னாரு.

அண்ணன் எந்திரிச்சு உள்ள வந்தாரு. கிரைண்டரப் பாத்தாரு. பாயிண்ட்டப் பாத்தாரு. சார்ஜர் பிளக்கக் கையில எடுத்தாரு. அதுல மாவு காஞ்சு போயி ஒட்டியிருந்துச்சுங்கக்கா. ஈரக் கையோட புடுங்கிப் புடுங்கி மாட்டுனதுல்ல. கட்டைவிரல் நகத்துல அதச் சொரண்டுனாரு. சொரண்டிக்கிட்டே, என்னையப் பாக்காமக் கேட்டாரு.

"பச்சை எரியுதாம்மா?"

முன்னால அவரு உக்காந்திருக்கறாரு. நான் என்ன சொல்றது?

"எரியுதுங்கண்ணா."

பிளக்கச் சுத்தமாத் தொடச்சுக் கீழ வெச்சாரு. முன்னால போனாரு. செல்லுதான் சரியில்ல போல இருக்குது கனகு, எம்மேலதான் தப்புன்னாரு. நான் டீ போட்டிருந்தேன். குடிக்காமயே போயிட்டாரு.

எனக்காகச் சொன்னாருங்க. எங்களுக்குள்ள சண்டை வந்துரக்கூடாதுன்னு சொன்னாரு. அந்த டீய நான் தொட்டியில ஊத்துனப்ப அழுகை வந்துருச்சு. இன்னும் அந்த மனுசன் மொகம் கண்ணுக்குள்ளயே நிக்குது.

இல்லீங்க, அதுக்கப்பறம் ஒரு நாளு முழுசா உட்டுப்பாத்தேன். சத்தியமா உட்டேன். கிரைண்டரத் தொடவே இல்ல. அன்னிக்கு மாவுக்கு வந்தவங்கள எல்லாம் திருப்பித் தாட்டிவிட்டேன். அவரு கெளம்பற நேரம் வரைக்கும் பாத்துட்டே இருந்தேன், சிவப்புதான். அத்தன நாளு கெடுத்தது அந்தக் கொஞ்ச நேரத்துல சரியாகுமுங்களா? அவரு சட்டையப் போட்டுட்டு நிக்கறாரு. பச்சை எரிஞ்சுதாங்கறாரு. எரிஞ்சுதுன்னுதான் சொன்னேன். எனக்கும் அலுத்துப்போச்சு.

அப்பறம் அவரு வண்டியவே தொடல. ஒரு தார்ப்பாய மேல போட்டு மூடிட்டு கம்பெனி பஸ்ஸுல போறாரு. பாயிண்ட்டு எனக்கே வந்துருச்சு. கல்லு நல்லாச் சுத்துது, மாவு பூவாட்டம் வருது. நீங்களே பாருங்களேன், மூடியத் தூக்கிட்டு நிக்கறத. நான் கேட்டது கெடச்சுருச்சு, ஆனா கிரைண்டர் போடறப்பெல்லாம் நெஞ்ச அறுக்குதுங்க.

அதுக்குத்தான் இன்னிக்குப் போறேன். அண்ணங்கிட்ட என்ன சொல்லப்போறேன்னா, அண்ணா, நீங்களே ஒருக்கா ஊட்டுக்கு வந்து, சார்ஜருக்குள்ள ஏதோ கோளாறு, இப்பத்தான் கண்டுபுடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அதுல ஒருத்தரு மேலயும் தப்பு வராது. வேற சார்ஜர் வாங்கிக்கலாம். நான் இனிமே ஒழுங்காப் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை நிக்காஹ்ல இவரு போயி முன்னால நிக்கோணுமுங்க, நிக்க வேண்டியவரு. அது மட்டும் நடந்துட்டாப் போதும்.

ஏனுங்கக்கா அப்படிப் பாக்கறீங்க?

சார்ஜரு உசுரில்லாத சாமான்தானுங்களே. அது மேல போட்டா யாருக்கு என்ன வந்துச்சு.

இருங்க, போன் அடிக்குது. அவருதான்.

சொல்லுங்க... பஸ்ஸுலதான். ஆமா, இன்னும் கிணத்துக்கடவு வரல... என்னது?... எப்பப் போட்டீங்க?... எதுக்கு இப்ப?... ம்... ம்... இல்ல, சரியாக் கேக்கல, ஒரே சத்தமா இருக்குது. வெய்யுங்க, நானே கூப்படறேன்.

இந்தப் போசியக் கொஞ்சம் புடிங்கக்கா.

லீவுங்க இன்னிக்கு அவருக்கு. நான் படிய எறங்குனதும் தார்ப்பாய எடுத்துட்டாராமா. எடுத்து, சார்ஜ் போட்டுட்டு, முன்னாலயே சேரப் போட்டு உக்காந்திருக்கறாரு. பத்திரிகை ஒண்ணுதான் குறைச்சல், அவன் பேட்டரிய அவன் கடை வாசல்லயே கொண்டுபோயிப் போட்டுட்டு வந்தர்றேங்கறாரு. வழியில நின்னா நிக்கட்டும், தள்ளிக்கிட்டே போறேன், ஊரே பாக்கட்டுங்கறாரு. அதச் சொல்லக் கூப்படலீங்க. என்ன கேக்கறாருன்னா, இவ்வளவு நேரமாச் சிவப்புதான் எரியுது, நீ தெனமும் பாக்கறவதானே, பச்சை எப்ப எரியும், போதும்னு புடுங்கிரட்டுமான்னு கேக்கறாரு.

புடுங்குங்கன்னு சொல்லிட்டா வண்டி வழியில இருக்கற ஒத்தக்கால்மண்டபம் கூடத் தாண்டாதுங்க. எங்கயாவது மேட்டுல நிக்கும். இந்த வெய்யில்ல தள்ளிட்டுப் போவாரு. போயி அண்ணன் கடை முன்னால, கல்யாணக் கூட்டத்துக்கு நடுவுல, கேக்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டுட்டு வந்துருவாரு. அதோட முடிஞ்சுது. அண்ணன் வாயத் தொறக்கமாட்டாரு. என்னைய ஆரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. சாகற வரைக்கும் கேக்கமாட்டாங்க.

புடுங்காதீங்கன்னு சொன்னா, எந்நேரமானாலும் பச்சை எரியும். எரிஞ்சா வண்டி எங்கயும் நிக்காது. பொள்ளாச்சி வரைக்கும் போகும். எங்கூட்டுக்காரரு மக்கு இல்லீங்க. மில்லுல எந்த மெசின் நின்னாலும் காரணம் கண்டுபுடிக்கற ஆளு. பாதி வழியிலயே எல்லாத்தையும் கணக்குப் போட்டுருவாரு. அங்க போயி எறங்குனா மாவுப் போசியோட நான் நிக்கறேன்.

வழிஞ்சிருச்சுங்களா? மன்னிச்சுக்கங்கக்கா, துடைச்சிருங்க, இந்தாங்க முந்தானை. பரவாயில்ல, வழியட்டும். மூடிய எடுத்துருங்க.

ஹலோ. நாந்தானுங்க. இப்பக் கேக்குதுங்களா?... இல்ல, புடுங்காதீங்க. எந்நேரமானாலும் புடுங்காதீங்க, பச்சை எரியட்டும்... எத்தன மணிக்கா?... தெரியாதுங்க.

தெரியாதுங்க. நான் பச்சை எரிஞ்சு பாத்ததே இல்ல.

சத்தமே இல்லீங்கக்கா. வெச்சுட்டாரா, கேட்டுட்டு இருக்கறாரான்னு தெரியல.